நிலம் எழுதிய கோடுகள்

நுழையும்முன்

மழை வருமுன் மேகம் கூடும். புயல் வருமுன் கடலின் நிறம் மாறும். நிலநடுக்கம் அவ்வாறு அறிவித்துவிட்டு வருவதில்லை. சில நொடிகளில் ஊர்களைச் சாய்த்துவிட்டு அடங்கிவிடுகிறது. அந்தச் சில நொடிகளைத் தாளில் கோடாகப் பதியவைத்து, அக்கோடுகளைப் படிக்கவும் உலகுக்குக் கற்றுக்கொடுத்தவர்களுள் முதன்மையானவர் ஜான் மில்ன். நிலநடுக்கவியல் என்னும் அறிவியல் துறை வேரூன்றக் காரணமாக இருந்த அவருடைய வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

கனிமம் தேடிய இளைஞர்

ஜான் மில்ன் 1850ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள் இங்கிலாந்தின் லிவர்பூல் நகரில் பிறந்தார். இலண்டன் கிங்ஸ் கல்லூரியிலும், பின்னர் அந்நகரிலிருந்த அரசுச் சுரங்கவியல் கல்லூரியிலும் பயின்றார். பாறைகளையும் கனிமங்களையும் வகுப்பறையில் மட்டும் கண்டு நிறைவடையும் இயல்பு அவருக்கு இல்லை. மாணவப் பருவத்திலேயே ஐஸ்லாந்தின் பனிமலைகளுக்குப் பயணம் மேற்கொண்டார். படிப்பு முடிந்ததும் அட்லாண்டிக் கடலுக்கு அப்பாலுள்ள நியூபவுண்ட்லாந்து தீவில் கனிமவளங்களைத் தேடும் பணியில் ஈடுபட்டார். சினாய் மலைப்பகுதியை ஆராயச் சென்ற குழு ஒன்றிலும் நிலவியல் அறிஞராக இடம்பெற்றார். இருபத்துநான்கு வயதுக்குள் மூன்று கண்டங்களின் மண்ணை மிதித்திருந்த அவ்விளைஞருக்கு, நிலநடுக்கத்தை ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அதுவரை தோன்றியிருக்கவில்லை.

அக்காலத்தில் ஜப்பான் பெரும் மாற்றத்துக்கு உட்பட்டுக்கொண்டிருந்தது. இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேலாக அயல்நாடுகளுக்குப் பெரும்பாலும் கதவடைத்திருந்த அந்நாடு, மெய்ஜி பேரரசரின் ஆட்சியில் புதிய கல்வியையும் தொழில்நுட்பத்தையும் விரைந்து கற்க முனைந்தது. பிறநாட்டு ஆசிரியர்களை அழைத்து, தன் இளைஞர்களுக்குப் பயிற்சி அளித்தது. டோக்கியோவில் தொடங்கப்பட்ட அரசுப் பொறியியல் கல்லூரியில் சுரங்கவியல், நிலவியல் பேராசிரியராகப் பணியாற்ற 1875ஆம் ஆண்டு மில்ன் அமர்த்தப்பட்டார்.

கடற்பயணம் அவர் உடலுக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே, அவர் தரைவழியைத் தேர்ந்துகொண்டார். ஐரோப்பாவையும் ரஷ்யாவையும் கடந்து, சைபீரியாவின் உறைபனியினூடே வண்டிகளில் சென்று, மங்கோலியா, சீனா வழியாகப் பல மாதங்கள் பயணம் செய்து 1876ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் டோக்கியோவை அடைந்தார். வழிநெடுகிலும் கண்ட நிலத்தின் அமைப்பைக் குறித்துக்கொண்டே சென்றார். அந்நகரில் அவர் தங்கிய முதல் இரவிலேயே நிலம் அதிர்ந்தது. அந்த அதிர்வு அவருடைய வாழ்வின் திசையையே மாற்றப்போவதன் தொடக்கமாக அமைந்தது.

அச்சத்திலிருந்து ஆராய்ச்சிக்கு

ஜப்பானில் நில அதிர்வு புதியதன்று. பூமிக்கடியில் வாழும் மிகப்பெரிய கெளுத்தி மீன் ஒன்று உடலை அசைப்பதால்தான் நிலம் நடுங்குகிறது என்று அந்நாட்டு மக்கள் நெடுங்காலம் நம்பிவந்தனர். மீனின் தலையைத் தெய்வம் ஒன்று பெருங்கல்லால் அழுத்திப் பிடித்திருப்பதாகவும், அப்பிடி தளரும்போது கேடு விளைவதாகவும் கதைகள் வழங்கின.

அறிவியல் உலகிலும் அப்போது தெளிவு குறைவாகவே இருந்தது. அயர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ராபர்ட் மாலெட், 1857ஆம் ஆண்டு இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியில் ஏற்பட்ட நிலநடுக்கத்தை ஆராய்ந்தார். சுவர்களில் விழுந்த வெடிப்புகளின் சாய்வையும், தூண்கள் சரிந்த திசையையும் அளந்து, அதிர்வு எங்கிருந்து வந்தது என்பதைக் கணிக்க முயன்றார். அது சிறந்த முயற்சியே. ஆயினும், நடந்து முடிந்த அழிவைக் கொண்டே அதிர்வை உய்த்துணர வேண்டியிருந்தது. அதிர்வு நிகழும் வேளையில் நிலம் எவ்வளவு நகர்கிறது, எத்திசையில் நகர்கிறது, எவ்வளவு நேரம் நகர்கிறது என்னும் வினாக்களுக்கு விடை தரும் கருவி எவரிடமும் இல்லை.

1880ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் யோகஹாமா நகரை நிலநடுக்கம் ஒன்று தாக்கியது. புகைபோக்கிகள் சரிந்தன, கூரை ஓடுகள் உதிர்ந்தன. பெருங்கேடு விளைவிக்காத அந்த நிலநடுக்கம் அங்கு வாழ்ந்த அறிஞர்களை விழித்தெழச் செய்தது. மில்ன் முன்னின்று முயன்றதன் பயனாக அதே ஆண்டில் ஜப்பான் நிலநடுக்கவியல் சங்கம் தோன்றியது. நிலநடுக்கத்தை ஆராய்வதற்கென்றே உலகில் அமைக்கப்பட்ட முதல் சங்கம் அதுவே. தலைவர் பொறுப்பை ஜப்பானியரான ஹட்டோரி இச்சிசோ ஏற்றார். மில்ன் துணைத்தலைவராகப் பணியாற்றினார். சங்கம் வெளியிட்ட ஆய்விதழ்கள் இருபது தொகுதிகளாக வளர்ந்தன. அவற்றின் பெரும்பகுதியை மில்னே எழுதினார்.

அசையாத ஒன்றைத் தேடி

நிலத்தின் அசைவை அளப்பதில் அடிப்படையான ஓர் இடர்ப்பாடு உண்டு. அளவுகோலை எங்கே ஊன்றுவது? வீடும் மேசையும் அளப்பவரும் நிலத்தோடு சேர்ந்தே அசைகின்றனர். அசையாத ஒன்று இருந்தால்தான் அசைவதை அளக்க முடியும்.

இவ்விடர்ப்பாட்டுக்கு இயற்பியல் ஒரு வழி காட்டியது. நின்றிருந்த பேருந்து திடீரெனப் புறப்படும்போது உள்ளே நிற்பவர் பின்னோக்கிச் சாய்கிறார். அவர் கால்கள் வண்டியோடு நகர்கின்றன. உடலோ இருந்த இடத்திலேயே இருக்க முனைகிறது. இதனை நிலைமம் என்கிறோம். அதுபோல, கனமான எடையொன்றைத் தகுந்த முறையில் தொங்கவிட்டால், நிலம் திடீரென நகரும்போது அவ்வெடை உடனே நகராமல் பின்தங்கி நிற்கும். எடையோடு இணைந்த முள், நிலத்தோடு நகரும் பரப்பின்மீது கோடு வரையும். அக்கோடே நிலத்தின் அசைவு.

எளிமையாகத் தோன்றும் இக்கருத்தைச் செம்மையான கருவியாக மாற்றப் பலருடைய உழைப்பு தேவைப்பட்டது. டோக்கியோவில் ஆசிரியர்களாக இருந்த ஜேம்ஸ் ஆல்பிரட் எவிங், தாமஸ் கிரே ஆகிய இருவரும் மில்னும் ஒருவர் ஆய்வை மற்றவர் வளர்த்தெடுத்தனர். சில வேளைகளில் தமக்குள் கருத்து மாறுபட்டும் நின்றனர். கதவு தன் கீலில் திரும்புவதுபோல் பக்கவாட்டில் அசையும் கிடைமட்ட ஊசலைக் கொண்ட பதிவுக்கருவிகள் அவர்கள் உழைப்பால் உருவாயின. சுழலும் கண்ணாடித் தட்டின்மீது படிந்த கரும்புகையில் முள் கோடு கீறியது. மக்கள் அஞ்சி ஓடிய அதிர்வுகள் பலவற்றில், நிலம் உண்மையில் நகர்ந்த தொலைவு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு என்பது அக்கோடுகளிலிருந்து தெரியவந்தது.

அஞ்சலட்டைகள் சொன்ன செய்தி

கருவிகள் விலை மிகுந்தவை. எல்லா ஊர்களிலும் அவற்றை நிறுவ இயலாது. ஆகவே, மில்ன் எளிய வழி ஒன்றைக் கையாண்டார். டோக்கியோவைச் சுற்றி ஏறத்தாழ நூறு மைல் எல்லைக்குள் இருந்த ஊர்களின் அலுவலர்களுக்கு அஞ்சலட்டைக் கட்டுகளை அனுப்பிவைத்தார். வாரந்தோறும் ஓர் அட்டையில் அவ்வூரில் உணரப்பட்ட அதிர்வுகளைக் குறித்து அனுப்புமாறு கேட்டுக்கொண்டார்.

அட்டைகள் வந்து குவிந்தன. எந்த ஊரில் அதிர்வு உணரப்பட்டது, எந்த ஊரில் உணரப்படவில்லை என்பதை மில்ன் வரைபடத்தில் குறித்தார். அதிர்வுகள் எப்பகுதிகளில் பிறக்கின்றன என்பதும், மலைத்தொடர்களைத் தாண்டிச் செல்லாமல் அவற்றுள் பல அடங்கிவிடுகின்றன என்பதும் படிப்படியாகப் புலப்பட்டன. அறிவியல் பயிலாத சிற்றூர் அலுவலரும் தாம் உணர்ந்ததை உண்மையாக எழுதி அனுப்பினால் அறிவியலுக்குத் துணைபுரிய முடியும் என்பதை இம்முயற்சி உணர்த்தியது. பின்னர் இப்பணியை ஜப்பான் அரசே ஏற்று, நூற்றுக்கணக்கான இடங்களிலிருந்து செய்திகளைத் திரட்டியது. 1885 முதல் 1892 வரை அந்நாட்டில் பதிவான 8,331 நிலநடுக்கங்களை வகைப்படுத்தி மில்ன் தொகுத்த பட்டியல் அவ்வுழைப்பின் விளைவாகும்.

குண்டுகளின்மேல் ஒரு வீடு

நிலநடுக்கம் வரும்வரை காத்திருக்காமல், அதனைச் சிறிய அளவில் தாமே உண்டாக்கவும் மில்ன் துணிந்தார். கிரேயுடன் சேர்ந்து கனமான இரும்பு எடையை உயரத்திலிருந்து விழச்செய்தும், மண்ணுள் வெடிமருந்து புதைத்து வெடிக்கச்செய்தும் அதிர்வுகளை உருவாக்கினார். அவை மண்ணில் எவ்வளவு விரைவாகப் பரவுகின்றன, தொலைவு கூடக்கூட எவ்வாறு தளர்கின்றன என்று அளந்தார். ஒரே வளாகத்துக்குள் பல இடங்களில் கருவிகளை வைத்து ஆராய்ந்தபோது, கெட்டியான மேட்டுநிலத்தைக் காட்டிலும் நெகிழ்ந்த சதுப்புநிலம் மிகுதியாக அதிர்வதைக் கண்டார். வீடு கட்டுமுன் மண்ணை ஆராய வேண்டும் என்னும் இன்றைய நடைமுறைக்கு இத்தகைய ஆய்வுகளே முன்னோடி.

அடுத்து எழுந்த வினா, அதிரும் நிலத்தின்மீது அதிராத வீட்டைக் கட்ட முடியுமா என்பது. மில்ன் சிறிய கட்டடம் ஒன்றை எழுப்பி, அதன் தூண்களுக்கும் அடித்தளத்துக்கும் இடையே வார்ப்பிரும்புக் குண்டுகளை வைத்தார். நிலம் நகரும்போது குண்டுகள் உருளும். கட்டடம் நிலையாக நிற்கும் என்பது அவர் கருத்து. முதலில் வைத்த குண்டுகள் பத்து அங்குல விட்டமுடையவை. அவற்றின்மேல் நின்ற கட்டடம் காற்றுக்கே அசைந்தது. குண்டுகளின் அளவைக் குறைத்துக்கொண்டே வந்து, கடைசியில் கால் அங்குல அளவுள்ள சிறு குண்டுகளைப் பயன்படுத்தினார். உராய்வு கூடியதால் காற்றுக்கு அசையாமல் கட்டடம் நிலைத்தது. கட்டடத்தை அடித்தளத்திலிருந்து பிரித்து நிறுத்தும் இம்முறை, மருத்துவமனைகள் முதலிய இன்றியமையாத கட்டடங்களைக் காக்க உலகின் பல நாடுகளில் இன்று வேறு வடிவங்களில் கையாளப்படுகிறது.

அதிர்வைப் பதியும் கருவியை அவர் தொடர்வண்டிகளிலும் ஏற்றினார். தண்டவாளத்திலும் பாலத்திலும் இருந்த குறைகளை வண்டியின் குலுக்கல் கோடுகளாகக் காட்டிக்கொடுத்தது.

இக்காலத்தில்தான் அவருடைய இல்லறமும் தொடங்கியது. வடஜப்பானின் ஹகோடேட் நகரில் பௌத்தத் துறவிமடம் ஒன்றின் தலைவராக இருந்தவரின் மகள் தோனே ஹோரிகவாவை அவர் 1881ஆம் ஆண்டு திருமணம் செய்துகொண்டார். டோக்கியோவிலும் பின்னர் இங்கிலாந்திலும் அவருடைய வாழ்க்கைக்கு உறுதுணையாக இருந்தவர் தோனே.

பேரழிவு கற்பித்த பாடம்

1891ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் நாள் காலை, மினோ, ஓவாரி என்னும் சமவெளிப் பகுதிகளை மிகக் கடுமையான நிலநடுக்கம் தாக்கியது. ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஓரிடத்தில் நிலம் பிளந்து, ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஏறத்தாழ ஆறு மீட்டர் உயர்ந்து நின்றது. மேலைநாட்டு முறையில் புதிதாகக் கட்டப்பட்ட செங்கல் ஆலைகள் நொறுங்கின. இரும்புப் பாலங்கள் ஆற்றில் சரிந்தன. முன்னேற்றத்தின் அடையாளங்களாகக் கருதப்பட்டவை பலருக்குக் கல்லறைகளாயின.

மில்ன் அப்பகுதிக்குச் சென்று அழிவை நேரில் ஆராய்ந்தார். பொறியாளர் வில்லியம் பர்ட்டனுடன் இணைந்து அவர் வெளியிட்ட ஒளிப்படத் தொகுப்பு, உருக்குலைந்த ஊர்களின் நிலையை உலகுக்குக் காட்டியது. பிறநாட்டுக் கட்டட முறைகளை அப்படியே கொண்டுவந்து நிறுவுவது இந்நாட்டுக்குப் பொருந்தாது என்பதை இப்பேரழிவு தெளிவாக உணர்த்தியது. மறு ஆண்டே ஜப்பான் அரசு நிலநடுக்க ஆய்வுக் குழுவொன்றை அமைத்தது. எத்தகைய கட்டடங்கள் தாங்கும், எத்தகையவை தாங்கா என்று ஆராய்வது அதன் முதன்மைப் பணிகளுள் ஒன்றாயிற்று. செக்கியா, ஒமோரி முதலிய ஜப்பானிய அறிஞர்கள் இத்துறையில் தலைமை ஏற்கும் அளவுக்கு வளர்ந்தனர். அயல்நாட்டு ஆசிரியரின் வெற்றி, அவர் இல்லாமலும் பணி தொடரும் நிலையை உருவாக்குவதில் இருக்கிறது. அவ்வெற்றியை மில்ன் தம் கண்முன்னே கண்டார்.

தீயில் கரைந்த உழைப்பு

தகுந்த கருவி இருந்தால், உலகில் எங்கே பெரிய நிலநடுக்கம் நிகழ்ந்தாலும் அதனை வேறெந்த இடத்திலிருந்தும் பதிவுசெய்ய முடியும் என்று மில்ன் 1883ஆம் ஆண்டிலேயே கருதினார். அன்று அது துணிவான கணிப்பாகவே இருந்தது. 1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் அதற்குச் சான்று கிடைத்தது. ஜெர்மனியின் போட்ஸ்டாம் நகரில் எர்ன்ஸ்ட் ரெபியர்–பாஷ்விட்ஸ் என்னும் இளம் அறிஞர் அமைத்திருந்த நுண்ணிய ஊசல் காரணமின்றி அசைந்திருந்தது. ஜப்பானில் நிகழ்ந்த நிலநடுக்கமே அவ்வசைவுக்குக் காரணம் என்பதை அவர் பின்னர் கண்டறிந்தார். பூமியின் ஒரு பக்கத்தில் எழுந்த அதிர்வு மறுபக்கம்வரை பயணம் செய்திருந்தது. மில்ன் தம் கவனத்தைத் தொலைதூர அதிர்வுகளின்மீது திருப்பி, ஒளிப்படத் தாளில் பதியும் புதிய கருவியை வடிவமைத்தார்.

இந்நிலையில் 1895ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் டோக்கியோவில் அவருடைய வீடும் ஆய்வுக்கூடமும் தீக்கிரையாயின. கருவிகள், நூலகம், குறிப்பேடுகள், சங்கத்தின் ஆய்விதழ்ப் படிகள் என இருபதாண்டு உழைப்பின் பெரும்பகுதி சாம்பலாயிற்று. அவருக்கு அப்போது வயது நாற்பத்துநான்கு. அதே ஆண்டில் அவர் ஜப்பானிலிருந்து விடைபெற்றார். விடைபெறுமுன் மெய்ஜி பேரரசர் அவரைச் சந்தித்து உயரிய விருதளித்துப் பெருமைப்படுத்தினார்.

இழந்ததை எண்ணி ஓய்ந்துவிடவில்லை மில்ன். மனைவி தோனேயுடனும் ஜப்பானிய உதவியாளர் ஷினோபு ஹிரோட்டாவுடனும் இங்கிலாந்தின் தென்கடற்கரையை அடுத்த வைட் தீவில் ஷைடு என்னும் சிற்றூரில் குடியேறினார். அங்கே தம் வீட்டு வளாகத்திலேயே கருவிகளை நிறுவி, அதே ஆண்டில் பணியைத் தொடங்கினார். நிலநடுக்கம் என்பதையே பெரும்பாலும் அறியாத அந்த அமைதியான சிற்றூர், உலக நிலநடுக்க ஆய்வின் தலைமையிடமாக மாறியது.

உலகைச் சுற்றிய வலை

ஒரேயொரு கருவி எத்துணை நுட்பமானதாக இருந்தாலும் அது தரும் செய்தி முழுமையாகாது. பல இடங்களின் பதிவுகளை ஒப்பிட்டால்தான் உண்மை தெளிவாகும். மின்னல் தெரிந்ததற்கும் இடி கேட்டதற்கும் இடையிலுள்ள நேரத்தைக் கொண்டு இடி விழுந்த தொலைவைக் கணிக்கிறோம். நிலநடுக்கத்திலும் விரைந்து செல்லும் அலைகள் முதலில் வந்துசேர, மெதுவாகச் செல்லும் அலைகள் பின்னர் வருகின்றன. அவற்றுக்கிடையிலான நேர வேறுபாடு, நிலநடுக்கம் நிகழ்ந்த இடத்தின் தொலைவைச் சொல்லும். ஆனால், திசையைச் சொல்லாது. மூன்று நிலையங்களிலிருந்து தொலைவு தெரிந்தால், அவற்றை ஆரமாகக் கொண்டு வரையும் மூன்று வட்டங்களும் வெட்டும் இடமே அதிர்வு பிறந்த இடம்.

பிரிட்டிஷ் அறிவியல் முன்னேற்றக் கழகத்தின் துணையோடு, ஒரே வகையான கருவிகளை உலகெங்கும் நிறுவும் பணியை மில்ன் மேற்கொண்டார். கனடா, தென்னாப்பிரிக்கா, மொரீசியஸ், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, எகிப்து எனப் பல நாடுகளில் ஏறத்தாழ நாற்பது நிலையங்கள் காலப்போக்கில் உருவாயின. இராபர்ட் ஸ்காட் தலைமையில் 1901ஆம் ஆண்டு அண்டார்க்டிகாவுக்குப் புறப்பட்ட டிஸ்கவரி கப்பலிலும் மில்ன் வகைக் கருவி எடுத்துச்செல்லப்பட்டது. நிலையங்கள் அனுப்பிய பதிவுகளை ஷைடில் ஒப்பிட்டுத் தொகுத்து, அனைவருக்கும் பயன்படும்படி சுற்றறிக்கைகளாக வெளியிட்டார். டோக்கியோவைச் சுற்றி அவர் அனுப்பிய அஞ்சலட்டைகளின் வேலையே இப்போது உலக அளவில் நடைபெற்றது.

இவ்வலையில் இந்தியாவுக்கும் இடம் உண்டு. 1897ஆம் ஆண்டு ஜூன் 12ஆம் நாள் அசாம் பகுதியைப் பெரும் நிலநடுக்கம் உலுக்கியது. அதன்பின் கல்கத்தா, பம்பாய், கோடைக்கானல் ஆகிய இடங்களில் நிலநடுக்கப் பதிவு நிலையங்கள் அமைந்தன. கதிரவனை ஆராய்வதற்காகப் பழனி மலைத்தொடரில் தோன்றிய கோடைக்கானல் வானாய்வகத்தில் மில்ன் வகைக் கருவி இரவும் பகலும் நிலத்தின் அசைவைப் பதிந்தது. வானை நோக்கிய ஆய்வகம் மண்ணின் அசைவையும் கேட்டது எனலாம்.

அசாம் நிலநடுக்கத்தை விரிவாக ஆராய்ந்தவர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த ரிச்சர்டு டிக்சன் ஓல்டுகாம். தொலைதூரக் கருவிகளில் அது பதித்த கோடுகளைக் கொண்டு முதன்மை அலை, இரண்டாம் நிலை அலை, மேற்பரப்பு அலை என்னும் மூன்றையும் அவர் பிரித்தறிந்தார். உலகின் பல நிலையங்களின் பதிவுகளை மேலும் ஆராய்ந்து, பூமியின் நடுவே தன்மையில் வேறுபட்ட கருவம் ஒன்று இருக்கிறது என்பதை 1906ஆம் ஆண்டில் புலப்படுத்தினார். எவரும் சென்று காண முடியாத பூமியின் உட்பகுதியைக் காண, நிலநடுக்க அலைகளே விளக்காயின.

கடலடியில் நிகழும் மாற்றங்களையும் மில்ன் ஆராய்ந்தார். 1888ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவை வெளியுலகோடு இணைத்த தந்திக் கம்பிவடங்கள் ஒரே நேரத்தில் அறுந்தபோது, போர் மூண்டுவிட்டதோ என்னும் அச்சம் அங்கே எழுந்தது. இத்தகைய நிகழ்வுகள் பலவற்றுக்குக் கடலடி நிலநடுக்கங்களும் நிலச்சரிவுகளும் காரணமாக இருக்கக்கூடும் என்பதை மில்ன் சான்றுகளோடு விளக்கினார். நிலநடுக்கப் பதிவு இத்தகைய வீண் அச்சங்களையும் போக்கியது.

குறைகளும் நிறைவும்

மில்னின் கருவி குறைகளற்றதன்று. ஒருமுறை அசைந்த ஊசல், நிலம் அடங்கிய பின்னும் தானே ஆடிக்கொண்டிருந்தது. எது நிலத்தின் அசைவு, எது ஊசலின் அசைவு என்று பிரிப்பது கடினமாயிற்று. ஜெர்மனியில் எமில் வீச்சர்ட்டும் ரஷ்யாவில் போரிஸ் கோலிட்சினும் இக்குறையை நீக்கிய மேம்பட்ட கருவிகளை உருவாக்கினர். மில்ன் கருவியையும் பிறர் பின்னர் திருத்தியமைத்தனர். ஆயினும், ஒரே வகையான எளிய கருவிகள் உலகெங்கும் இடைவிடாது இயங்கியதால் கிடைத்த பதிவுகளின் மதிப்பு இதனால் குறையவில்லை.

நிலநடுக்கம் எப்போது வரும் என்று முன்கூட்டியே சொல்லும் ஆற்றலை மில்ன் பெறவில்லை. அவ்வாற்றலை அறிவியல் இன்றளவும் பெறவில்லை. தம்மால் அளக்க முடிந்ததை அளந்தார், அளந்ததைப் பதிந்தார், பதிந்ததைப் பகிர்ந்தார். கி.பி. முதல் நூற்றாண்டு தொடங்கி 1899 வரை உலகில் நிகழ்ந்த, அழிவு விளைவித்த நாலாயிரத்துக்கும் மேற்பட்ட நிலநடுக்கங்களின் பட்டியலைத் தம் இறுதி ஆண்டுகளில் தொகுத்தளித்தார். எங்கெல்லாம் முன்பு நிலம் நடுங்கியது என்பதை அறிந்தவர்களே, அங்கே எப்படி வாழ வேண்டும் என்பதைத் திட்டமிட முடியும்.

இலண்டன் ராயல் கழகம் 1887இல் அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1908இல் ராயல் பதக்கம் வழங்கியது. 1913ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், தம் அறுபத்திரண்டாம் வயதில், சிறுநீரக நோயால் ஷைடில் மில்ன் காலமானார். சில ஆண்டுகளுக்குப்பின் தோனே தாய்நாடு திரும்பி, தாம் பிறந்து வளர்ந்த ஹகோடேட் நகரில் மறைந்தார்.

அவர் தொடங்கிய பணி நிற்கவில்லை. உலகப் பதிவுகளைத் தொகுக்கும் பொறுப்பை ஆக்ஸ்போர்டில் ஹெர்பர்ட் டர்னர் ஏற்றார். 1964ஆம் ஆண்டு அமைக்கப்பட்ட பன்னாட்டு நிலநடுக்கவியல் மையம் அதன் தொடர்ச்சியாக இன்றும் இயங்குகிறது.

செய்தி கரை சேர வேண்டும்

மில்ன் மறைந்து பத்தாண்டுகளுக்குப்பின், 1923ஆம் ஆண்டு செப்டம்பர் முதல் நாள், டோக்கியோவையும் யோகஹாமாவையும் பெரும் நிலநடுக்கமும் அதனால் மூண்ட தீயும் அழித்தன. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். நிலநடுக்க ஆய்வில் உலகுக்கே வழிகாட்டிய நாட்டில் இது நிகழ்ந்தது. ஆய்வேட்டில் இருக்கும் உண்மை சுவரிலும் தூணிலும் தெருவின் அகலத்திலும் இறங்கினால்தான் உயிர்களைக் காக்கும் என்பதை அத்துயரம் உணர்த்தியது. மறு ஆண்டிலேயே, கட்டடங்கள் நிலநடுக்கத்தைத் தாங்கும் வலிமை பெற்றிருக்க வேண்டும் என்னும் விதியை ஜப்பான் கட்டடச் சட்டத்தில் சேர்த்தது.

தமிழகமும் இப்பாடத்தைக் கடுந்துயரத்தின் வழியே கற்றது. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் காலை சுமத்ரா அருகே கடலடியில் நிலம் பிளந்தது. சில நிமிடங்களில் உலகின் பல நிலையங்களிலுள்ள கருவிகள் அதனைப் பதிந்துவிட்டன. ஆழிப்பேரலை தமிழகக் கரையை அடைய ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு மேலாயிற்று. அந்த இரண்டு மணி நேரத்தில், நாகப்பட்டினத்திலும் வேளாங்கண்ணியிலும் கடற்கரையில் நின்றவர்களுக்கு அச்செய்தி சென்றுசேரவில்லை. இந்தியப் பெருங்கடலுக்கென எச்சரிக்கை அமைப்பு அன்று இல்லை. அதன்பின் 2007ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னெச்சரிக்கை மையம் நிறுவப்பட்டது. கடலடியில் அதிர்வு ஏற்பட்ட சில நிமிடங்களுக்குள் அதன் இடத்தையும் அளவையும் கணித்து, கடலோர மாவட்டங்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு இன்று இருக்கிறது.

சிற்றூர் அலுவலர் அனுப்பிய ஓர் அஞ்சலட்டையையும் மதித்துப் படித்தவர் ஜான் மில்ன். ஓரிடத்தின் செய்தி மற்றோர் இடத்துக்கு உதவும் என்னும் நம்பிக்கையே அவருடைய நாற்பதாண்டு உழைப்பின் அடிப்படை. நிலம் நடுங்குவதை மனிதரால் நிறுத்த இயலாது. நடுங்கிய செய்தியை உரியவரிடம் உரிய நேரத்தில் சேர்ப்பதும், அச்செய்தியைக் கேட்டு நடப்பதும் மனிதரால் இயலும். அதற்கான முதற்கோடுகளை உலகுக்கு வரைந்து காட்டிய பெருமை ஜான் மில்னைச் சாரும்.